‘இப்படி ஒரு மகள் நினைப்பாளா?’ – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அக்கா,

வணக்கம். இளையர்களுக்கு நீங்கள் எழுதிய கதைப் புத்தகத்தை என் மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவள் பள்ளிக்குப் போன பிறகு நானும் படித்தேன். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா, அவரைக் கவனித்துக்கொள்ளும் மகள். எல்லாம் சரி. ஆனால் ஓர் இடத்தில் அந்தப் பெண், ‘இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும்’ என்று நினைக்கிறாள். படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு மகள் இப்படி நினைப்பாளா? என் கணவருக்கும் போன வருடத்திலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. மகள் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தவணை முடிந்ததும் திருப்பாமல் புதுப்பித்துக்கொண்டாள். நானே கொண்டுபோய்த் திருப்பிவிடலாமா? அடுத்த பாகம் எழுதினால் தயவுசெய்து அந்த அப்பாவைக் குணமாக்கிவிடுங்கள்.

ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

திருப்ப வேண்டாம். புத்தகம் அவளிடமே இருக்கட்டும்.

அப்பாவின் மேல் உயிரையே வைத்திருக்கும் மகளும் அப்படி நினைப்பாள். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். போக வர ஆகும் நேரம், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை உட்காருவது, வீட்டுக்கு வந்து அசதியில் படுத்துவிடுவது என்று அந்த நாளே போய்விடும். மறுநாள் கொஞ்சம் தெளிவார். அதற்கடுத்து மறுபடி மெஷின். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 15 வயதுப் பெண்ணுக்கு இது எங்கே போய் நிற்கும் என்றே தெரியாது. இந்தக் காத்திருப்பு தீராதா என்றுதான் அவள் மனம் கேட்கிறது. அப்படியானால் அப்பாவின் சாவைத்தான் கேட்கிறேனோ என்று அவளுக்கே பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

நம் கதைகளில் அப்பா அம்மாவுக்கு நோய் வந்தால் பிள்ளை உடனே நல்ல பிள்ளையாகிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்து சமைக்கிறது, தேர்வில் ஏ1 வாங்குகிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும் ‘இந்த வயசிலேயே எவ்வளவு பொறுப்பு!’ என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். அந்த மெச்சலுக்குப் பிறகு அவளால் ஒரு நாள்கூட எரிச்சலைக் காட்ட முடியாது. அப்படிப்பட்ட கதையைப் படிக்கும் பெண்ணுக்குத் தான் மட்டும்தான் கெட்டவள் என்று தோன்றும். எனக்கு அதுதான் ஆபத்தான கதையாகத் தெரிகிறது.

நான் இந்த நோயை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழக்கும் மூவரில் ஏறக்குறைய இருவருக்கு நீரிழிவே காரணம். நம் இந்தியக் குடும்பங்களில் சுகர் எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதைப் பற்றி விரிவாகவே பேசினார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே டயாலிசிஸ் நிலையங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அப்படியிருந்தும் தமிழில் அவர்களுக்கான கதைகளில் நான் அதைப் பார்த்ததில்லை. சுகரால் வந்த நோய் என்றால் அதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ‘அப்பா அப்போதே வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?’ என்ற கோபம். மகள் மனத்தில் இருக்கும், சொல்ல மாட்டாள். அப்பாவும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளுக்கு இப்படி எழுதலாமா என்பதுதான் உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் கேள்வி. பேட்ரிக் நெஸ் எழுதி 2011-இல் வந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலில் 13 வயதுப் பையனின் அம்மாவுக்குக் கடும் நோய். அவன் கடைசிவரை மறைத்துவைக்கும் உண்மையும், எல்லாம் முடிந்துவிட்டால் போதும் என்ற இதே நினைப்புதான். அந்தக் கதையின் கரு சிவோன் டவ்ட் என்ற எழுத்தாளருடையது. எழுதி முடிப்பதற்குள் 2007-இல் மார்பகப் புற்றுநோயில் அவர் இறந்துபோனார். சாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், பிள்ளைகளுக்கு இந்த உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நம்பினார். அவர் பக்கம்தான் நானும்.

உங்கள் மகளிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைவிட அவசியமான வேலை ஒன்று இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வரும் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் உங்கள் வீட்டில் முதலில் படிப்பது யார்? பல வீடுகளில், ஆங்கிலம் சரளமாக வரும் என்பதால், பிள்ளைதான் படிக்கிறது. ரத்தப் பரிசோதனையின் முடிவு அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அவளே முடிவு செய்கிறாள். அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவமனையில் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அப்புறம், டாக்டர் சொன்னதை நீங்களும் உங்கள் கணவருமாக உட்கார்ந்து அவளுக்குச் சொல்லுங்கள்: இப்போது நிலைமை என்ன, அடுத்து என்னவெல்லாம் ஆகலாம் என்று. அவள் அழுதால் அழட்டும், கோபப்பட்டாலும் தடுக்காதீர்கள். உங்களிடம் பேசக் கூச்சப்பட்டால் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். அவரிடம் போவது வீட்டைக் காட்டிக்கொடுப்பது ஆகாது என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் போவாள்.

கதையில் வரும் அப்பாவை என்னால் குணமாக்க முடியாது. டயாலிசிஸ் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யுமே தவிர, நோயைத் தீர்க்காது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு இங்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு அத்தியாயத்தில் அது கிடைத்துவிட்டதாக எழுதினால் உங்கள் மகள் என்னை நம்ப மாட்டாள். அடுத்த பாகத்திலும் அவர் திங்கள், புதன், வெள்ளி போய்வருவார். மகள் அவரிடம் ஒரு நாள் உரக்கச் சண்டை போடுவாள். அந்த வருடம் பள்ளி முகாமுக்கும் போவாள்.

அன்புடன்,
அக்கா