எவ்வளவு நெருங்கலாம்? உணவுப் புகைப்படம்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிப் பலகாரக் காலம் வருவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில், மிக அருகில் போய்ப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைத் தவிர வேறு பேச்சே இல்லை. கும்பகோணத்தில் மெஸ்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே பதில்களில் நெய் வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே சந்திரகலா, சூரியகலா செய்து விற்கிறேன். என்னிடம் சிறிய சென்சார் கேமராவும் அதோடு வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. 100 மி.மீ. மேக்ரோ வாங்கினால்தான் படம் எடுபடும் என்கிறார் கேமரா கடைக்காரர். வாங்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

கடைக்காரருக்கு லென்ஸ் விற்க வேண்டும், உங்களுக்குச் சந்திரகலா விற்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் கையில் இருப்பதைச் சோதியுங்கள். லென்ஸை 55இல் வைத்து, ஃபோகஸ் பிடிக்கும் கடைசி எல்லை வரை அருகில் போங்கள். இந்த வகை லென்ஸ்கள் பலவற்றில் அந்த இடத்தில் பண்டம் அதன் நிஜ அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சில்லில், விழும். முறையான மேக்ரோ லென்ஸ் 1:1 வரை, அதாவது முழு அளவு வரை போகும். உங்கள் சென்சாரின் அகலம் 23 மி.மீ. சொச்சம்தான். முழு அளவில் எடுத்தால் சந்திரகலாவின் ஓர முறுக்கில் இரண்டு மூன்று மடிப்புகளே படத்தில் அடங்கும். பார்ப்பவருக்கு அது சந்திரகலா என்பதே தெரியாது. பாதி அளவில் எடுங்கள்: 47 மி.மீ. அகலம் கிடைக்கும். முறுக்கிய ஓரம், அதில் விரல் அழுத்திய தடம், பாகு தேங்கிய பள்ளம், கொஞ்சம் பொரிந்த மேல்தோல் எல்லாம் வந்துவிடும். கையால் செய்தது என்பதற்கு அந்த ஓரத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பாகிலிருந்து எடுத்து வடிந்ததும் எடுத்துவிடுங்கள். காய்ந்தால் மேலே சர்க்கரை வெள்ளையாகப் பூத்துவிடும். கண்ணுக்குப் படாத அந்தப் பூப்பு லென்ஸுக்கு நன்றாகவே படும்.

மூன்றில் ஒன்று போதாது, பாதியாவது வேண்டும் என்று தோன்றினால் அப்போது கடைக்குப் போங்கள். பெட்டியின்மேல் போட்டிருக்கும் ‘குறைந்தபட்ச தூரம்’ கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பண்டத்துக்கும் நடுவே மிஞ்சும் இடம் அதைவிட மிகக் குறைவு. 40 மி.மீ. மேக்ரோவில் முழு அளவுக்குப் போனால் மூன்றரை செ.மீ. போலத்தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே பண்டத்தின்மேல் விழும். பண்டம் சூடாக இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும். 60இல் ஒன்பது, பத்து செ.மீ. கிடைக்கும். 100, 105இல் 13 முதல் 15 வரை. உங்கள் கேமராவுக்கு என் ஓட்டு 60க்குத்தான். 100 வாங்கிவிட்டு, நாளை தலைவாழை இலையில் முழுச் சாப்பாட்டை மேலிருந்து எடுக்க நினைத்தால் ஸ்டூல்மேல் ஏற வேண்டியிருக்கும். தாழ்வாரத்து ஓட்டுக்கூரை தலையில் இடிக்கும்.

செலவு குறைய வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் டியூப் இருக்கிறது. உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுவது. வளையத்தின் நீளத்தை லென்ஸின் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்: 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் என்றால் பாதி அளவு கூடுதலாகக் கிடைக்கும். மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பல கேமராக்களில் லென்ஸின் துவாரத்தை மாற்ற முடியாது.

அசோகா அல்வாவைக் கிட்டப் போய் எடுத்தால் ஈரக் களிமண் போல இருக்கிறது. நிறம் மட்டும் ஆரஞ்சு. என்ன செய்ய?
— ஒரு வாசகர், திருவையாறு

திருவையாற்றிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! ஊர்ப் பெருமையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்றே.

பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, கை வலிக்கக் கிளறி வழவழப்பாக்கியிருக்கிறீர்கள். அந்த வழவழப்புக்குள் மேக்ரோ லென்ஸ் தேடிப்பிடிக்க எதுவும் மிச்சமில்லை. இன்னும் நெருங்கினால் இன்னும் களிமண்தான். இங்கே வேலை செய்ய வேண்டியது ஒளி. அல்வாவைக் கடிகாரத்தின் நடுவில் வைத்து நீங்கள் 6 மணியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சன்னல் 10 மணிக்கோ 11 மணிக்கோ இருக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி நெய்யின்மேல் பட்டு உங்களை நோக்கித் திரும்பும். மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். 4 மணிப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையைச் சாய்த்துவைத்தால் நிழல் கறுத்துப்போகாது. முற்றம் உள்ள வீடானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். முற்றத்துக்கு நேர் கீழே வைக்காமல் தாழ்வார ஓரத்தில் வைத்தால், மேல்வெளிச்சம் பக்கவெளிச்சமாகிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதன்மேல் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். அந்தப் பச்சை அல்வாவின்மேல் ஏறி, ஆரஞ்சைப் பழுப்பாக்கிவிடும்.

பிறகு அல்வாவையே கொஞ்சம் தொந்தரவு செய்யுங்கள். உருட்டி வைத்த அழகான மேட்டைக் கரண்டியால் ஒரே இழுப்பாக வழித்தெடுங்கள். வழித்த இடத்தில் ஓர் அலை நிற்கும், ஓரத்தில் நெய் கசியும். அந்த விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள். முந்திரியை மேலே நட்டுவைக்க வேண்டாம். பாதி புதைந்தபடி இருந்தால் போதும். மார்கழிக் காலையில் எடுப்பதானால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நெய் உறைந்தால் மினுமினுப்பும் போய்விடும்.

இதே ஊர்ப்பக்கத்துக் கடப்பாவைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்புக்கு மேக்ரோவே வேண்டாம் ஐயா. இட்லியோடு, கிண்ணத்தோடு, எட்ட நின்று எடுங்கள். நாக்குக்குக் கிடைக்கும் நியாயம் அதற்குக் கேமராவில் கிடைக்காது.

மேக்ரோ லென்ஸில் எஃப் 22 வரை வைத்துப் பார்த்துவிட்டேன். முறுக்கின் முன்பக்கம் தெளிவாக இருந்தால் பின்பக்கம் மங்குகிறது. மொத்தப் படமும் மசமசவென்று வேறு இருக்கிறது. லென்ஸில் கோளாறா?
— கல்லூரி மாணவர், திருவாரூர்

லென்ஸில் கோளாறு இல்லை தம்பி. மசமசப்புக்குக் காரணம் அந்த 22தான். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறுக்கும். நெருங்க நெருங்க லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறையும். முழு அளவில் எஃப் 2.8 என்பது ஏறக்குறைய 5.6 போலவும், 22 என்பது 44 போலவும் நடந்துகொள்ளும். அவ்வளவு சிறிய துவாரத்தில் நுழையும் ஒளி ஓரங்களில் வளைந்து சிதறும், கூர்மை போய்விடும். 8இலிருந்து 11க்குள் நின்றுகொள்ளுங்கள்.

தெளிவின் ஆழத்தை, அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பதை, பாருங்கள். சிறிய சென்சார் கேமராவில் எஃப் 8 வைத்தால் முழு அளவில் ஒரு மி.மீ. கூடத் தேறாது. பாதி அளவில் ஏறக்குறைய 2 மி.மீ., கால் அளவில் 6 மி.மீ. சொச்சம். பின்வாங்கி அளவைப் பாதியாக்கினால் கிடைக்கும் ஆழம் இரட்டிப்பைவிட அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் ஒரு அடி பின்னால் போங்கள் என்று எல்லோரிடமும் புலம்புகிறேன். முறுக்கு முழுதும் கூர்மையாக வேண்டுமென்றால், கேமராவை முக்காலியில் (ட்ரைபாட்) நிறுத்தி, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கலாம். ஹெலிகான் ஃபோகஸ், சிரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. முறுக்கு அசையாது, அடுக்கலாம். ஆவி பறக்கும் பொங்கலை அடுக்க முடியாது. என்னைக் கேட்டால், எல்லா முள்ளும் கூர்மையாகத் தெரியும் முறுக்கைவிட, ஒரு முள் மட்டும் பளிச்சென்று நின்று மற்றவை கரையும் முறுக்கே கடிக்கத் தூண்டும்.

டிகிரி காபியின் நுரை படம் எடுப்பதற்குள் அடங்கிவிடுகிறது. சோப்பு நுரையைக் கரண்டியால் எடுத்து மேலே வைத்தால் நிற்கும் என்கிறார்களே?
— காபிக் கடைக்காரர், கும்பகோணம்

நிற்கும். உங்கள் கடைப் பெயர் நிற்காது. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் நிறுவனம் விளம்பரக் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, காய்கறிகளை மேலே தெரியவைத்தது. அந்நாட்டின் வணிக ஆணையம் தலையிட்டு, 1970இல் அந்தப் பழக்கத்துக்குத் தடை போட்டது. அவர்களாவது காய்கறியைத்தான் காட்டினார்கள். நீங்கள் சோப்பைக் காபி என்று காட்டப் பார்க்கிறீர்கள்.

வழி சுலபம். டபராவில் இன்னொரு தம்ளரை வைத்து, ஆறிப்போன காபியை அதே அளவு ஊற்றி, ஒளி, ஃபோகஸ், கோணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். கால் அளவில் எடுத்தால் தம்ளரின் வாய் ஏறக்குறைய முழுதும் அடங்கும். எல்லாம் தயாரான பிறகு உங்கள் மாஸ்டரை உயரத் தூக்கி ஆற்றச் சொல்லி, புதுத் தம்ளரை அதே இடத்தில் மாற்றிவைத்து உடனே எடுங்கள். ஆற்றியவுடன் நுரை பொடிப்பொடியாக இருக்கும். போகப் போகச் சிறு குமிழிகள் உடைந்து பெரிய குமிழிகளாகும். அழகு முதல் கட்டத்தில்தான். ஒவ்வொரு குமிழியிலும் சன்னல் தெரியும், நீங்களும் தெரிவீர்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆவியும் வேண்டுமென்றால் பின்னால் இருட்டு, பக்கவாட்டில் ஒளி, நேரம் விடியற்காலை. குளிரூட்டிய அறையிலிருந்து லென்ஸை நேரே காபி அடுப்படிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

செல்போனில் மேக்ரோ எடுக்கலாமா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

எடுக்கலாம். ஆனால் பல விலை குறைந்த போன்களில் மேக்ரோவுக்கென்று தனியாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கண்ணை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவை வைத்து, ஃபோகஸ் பிடிக்கும் தூரத்துக்குப் பின்வாங்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் அதைவிட நன்றாக வரும்.

எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. கவுளி கட்டிய வெற்றிலையைப் படம் எடுத்தால் இலையெல்லாம் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கிறது. லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டால் போகுமா? பித்தளைத் தட்டுக்கும் அதுவே போதுமா?
— ஒரு வாசகர், அய்யம்பேட்டை

வெற்றிலைக்குப் போதும், பித்தளைக்குப் போதாது. மெழுகுப் பூச்சுள்ள இலையிலிருந்து தெறிக்கும் பளபளப்பைப் போலரைசர் வெட்டும். இலைப்பரப்பிலிருந்து 35 பாகைபோலச் சாய்வாகப் பார்க்கும்போது நன்றாக வெட்டும். உலோகத்திலிருந்து தெறிப்பதில் அதன் பாச்சா பலிக்காது. தட்டு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும். எனவே அதற்கு எதிரே ஒரு பெரிய வெள்ளைத் தாளைக் காட்டுங்கள். பளபளப்பை முழுதாகத் துடைத்துவிடவும் வேண்டாம். வெற்றிலை வாடியதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று: கொழுந்து வெற்றிலை ஒன்றைச் சன்னலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, பின்னொளியில் முழு அளவில் எடுத்துப் பாருங்கள். நரம்பு பிரிந்து பிரிந்து ஓடுவது தெரியும். நான் 1:1க்குத் தயங்காமல் போகும் சில இடங்களில் அது ஒன்று.

அடைமழைக் காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. அரிசி டப்பாவில் போட்டுவைக்கலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம், தவிட்டுத் தூசி ஏறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

பாரம்பரிய அரிசி ரகங்களை விற்கிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா. படத்தில் ரக வித்தியாசம் தெரிய வேண்டும். எப்படி எடுப்பது?
— உழவர் குழு ஒன்று, திருத்துறைப்பூண்டி

பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்திய ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வி. நிதானமாகவே பதில் சொல்கிறேன். இவ்வளவு நேரம் பின்வாங்குங்கள், பின்வாங்குங்கள் என்று சொன்னவள் உங்களையும் முழு அளவுக்குப் போகச் சொல்வேன். மேக்ரோவை மைக்ரோ என்று அழைக்கும் நிகான் 1956இல் கொண்டுவந்த மைக்ரோ லென்ஸ், தாளில் உள்ள பொடி எழுத்துகளை ஃபிலிமில் பதிவுசெய்வதற்காக உருவானது. தட்டையான பரப்பை மூலைவரை ஒரே கூர்மையுடன் பிடிப்பது இந்த வகை லென்ஸ்களின் பிறவிக்குணம். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிய அரிசிக்கு வேறென்ன வேண்டும்?

கேமராவை நேர் கீழே பார்க்கும்படி முக்காலியில் கட்டுங்கள். லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி 1:1இல் வைத்தபின், ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது. ஃபோகஸ் பிடிக்கக் கேமராவையோ தட்டையோ மேலும் கீழும் நகர்த்துங்கள். அப்போதுதான் எல்லா ரகமும் ஒரே அளவீட்டில் பதியும். சீரகச் சம்பா ஏன் சீரகத்தின் பெயரைத் தாங்குகிறது என்பதை வாங்குபவர் பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டே தெரிந்துகொள்வார். முதல் படத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலையும் வையுங்கள்.

ஒளியளவையும் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். கருப்புக் கவுனியைப் பார்த்தால் இருட்டென்று நினைத்து அதைச் சாம்பலாக்கும். தூயமல்லியைப் பார்த்தால் வெளிச்சம் அதிகமென்று நினைத்து அதை அழுக்காக்கும். சாம்பல் அட்டை ஒன்றை வைத்து ஒருமுறை அளந்து, அதே எண்களையும் அதே வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) எல்லா ரகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு தவிட்டில் இருப்பது. அதிகம் தீட்டிய அரிசியை எடுத்துவிட்டு நிறம் வரவில்லை என்று லென்ஸைத் திட்டாதீர்கள்.

அரிசியை நன்றாகச் சலித்து, நொய்யும் உமித்துணுக்கும் பொறுக்கிய பிறகு, சின்னத் தூரிகையால் தட்டித் துடையுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வரட்டும். மணியின் மேலுள்ள மெல்லிய வரிகள் எழும்பும். கவுனிக்கு வெளிர்ப் பின்னணி, வெள்ளை ரகங்களுக்குக் கரும்பலகை. சோறாக வடித்தும் ஒரு படம் வேண்டுமென்றால் கால் அளவுக்கு இறங்கிவிடுங்கள், வடித்த கையோடு எடுங்கள். ஆறினால் மேல்தோல் காய்ந்துவிடும். தண்ணீர் தெளித்தால் குழைந்த சோறு மாதிரித் தெரியும்.