மாரி மழையில் சிதையும் ஊர்ப் பாதைகளைச் சிரமதானத்தில் காப்பது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்தில் வயலுக்கும் குளத்துக்கும் போகும் உங்கள் பாதைகள் ஆண்டுதோறும் அரிக்கப்படுவதாகவும், கிரவல் (சரளை மண்) கொட்டியும் நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிரவலுக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. நடுவில் குழிந்த பாதை அப்போது வாய்க்காலாகிவிடும்; போட்ட கிரவல் அத்தனையும் வயலுக்குள் போய்ச் சேரும்.

சரிவுகளில் பாதையைத் தாழ்ந்த பக்கமாக, ஒரு மீற்றர் அகலத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை சாய்த்து வெட்டுங்கள். இறக்கம் கூடிய இடங்களில் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பும் கல்வரிசையைக் குறுக்கே நேராக வைக்காமல் கோணலாகப் பதியுங்கள். நேராக வைத்தால் தண்ணீர் தேங்கி அதன் மேலாகப் பாயும். நீர் வெளியேறும் வாயில் மண் அடைபடுவதுதான் பெரும்பாலான பாதைகளைக் கெடுக்கிறது. அதனால் செப்டெம்பரில் ஊரார் கூடிச் செய்யும் ஒரு பெரிய சிரமதானம் போதாது. மழைக்காலத்திலும் யாராவது மண்வெட்டியுடன் நடந்து, அடைப்புகளை நீக்க வேண்டும். என் அனுபவத்தில், பாதையைத் துண்டுகளாகப் பிரித்து அருகிலுள்ள வீடுகளிடம் ஒப்படைத்தால்தான் இது நடக்கும்.

பிரதேச சபைக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். காட்டோரம் என்றால் வனத் திணைக்கள அனுமதியும் தேவை. யானை நடமாடும் இடங்களில் பொழுது சாயுமுன் வேலையை முடித்துவிடுங்கள்.