சண்டையே போடாம பிரிஞ்ச ஃப்ரெண்ட்ஸ்

கேள்வி: சார், 'ஸ்டாண்ட் பை மீ' படம் பார்த்ததுல இருந்து சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ் ஞாபகமாவே இருக்கு. யார்கூடவும் சண்டை இல்ல, ஆனா இப்ப ஒருத்தர்கூட டச்ல இல்ல. அந்த மாதிரி நட்பு இனிமே கிடைக்காதா?

பதில்: அதே மாதிரி கிடைக்காதுங்க, அந்தப் படமே அதைத்தான் சொல்லுது. ஸ்டீஃபன் கிங்கோட 'தி பாடி' குறுநாவலை வச்சு ராப் ரெய்னர் 1986-ல எடுத்தது, கதை நடக்கறது 1959-ல, காணாமப்போன ஒரு பையனோட பொணத்தைத் தேடி நாலு பசங்க தண்டவாளத்தோரமா நடந்து போறாங்க. பாலத்துல ரயில் துரத்தறது, அட்டை கடிக்கறது எல்லாம் யாருக்கும் மறக்காது, ஆனா எனக்குப் படத்தோட உயிரே அந்த ராத்திரி சீன்தான். மத்தவங்க தூங்கறாங்க, காவலுக்கு உக்காந்திருக்கற கிறிஸ் (ரிவர் ஃபீனிக்ஸ், பாவம் 1993-ல 23 வயசுலயே போயிட்டார்) கதையைச் சொல்ற கார்டிகிட்ட மனசு விட்டுப் பேசறான். ஸ்கூல்ல பாலுக்காக வசூலிச்ச காசைத் திருடினது நெசம், ஆனா டீச்சர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன், அந்தம்மா அதை அமுக்கிட்டு புதுப் பாவாடை போட்டுட்டு வந்தாங்க, திருட்டுப் பட்டம் மட்டும் எனக்குன்னு சொல்லி தேம்பித் தேம்பி அழறான். கார்டி பதிலுக்கு அறிவுரை எதுவும் சொல்லல, தோள்ல கை போடறான், அவ்வளவுதான். பெரியவங்களானப்புறம் நாம மறைக்கக் கத்துக்கிட்டுதான் ஒருத்தரோட பழகறோம், 12 வயசுல அந்த வித்தை தெரியாது.

நீங்க கேட்ட பிரிவும் படத்துல இருக்கு. மத்த ரெண்டு பசங்க டெடியும் வெர்னும் கொஞ்ச நாள்ல ஸ்கூல்ல எதிர்ல வந்து போற முகங்களா ஆயிடறாங்க, நடுவுல ஒரு சண்டை கிடையாது. சண்டை போட்டு பிரிஞ்சா சமாதானமாவது பேசலாம், இதுல யார்கிட்ட போய் என்னன்னு ஆரம்பிக்கறது? கிறிஸ் மட்டும்தான் தங்கினான், ஏன்னா கார்டி ஃப்ரெண்ட்ஸ்கூட இருக்கணும்னு தொழில் வகுப்புல சேரப் பாத்தப்ப அவன்தான் திட்டி காலேஜுக்குத் தயார் பண்ற வகுப்பு பக்கம் தள்ளினான், அப்புறம் தானும் கஷ்டப்பட்டு அதே வகுப்புல சேந்து படிச்சு வக்கீலும் ஆனான். அப்படிப்பட்டவனையே கார்டி பத்து வருஷத்துக்கு மேல பாக்காம இருந்துட்டு, கடைசியில அவன் செத்த சேதியை பேப்பர்ல படிக்கறான்.

அதனால எல்லாரையும் தேடிப்பிடிச்சு குரூப் ஆரம்பிக்க வேணாம். உங்களுக்காக ஒருதடவையாவது கோவப்பட்ட அந்த ஒரு ஆளுக்கு போன் போடுங்க, காரணம் கேட்டா சும்மாதான்டான்னு சொல்லுங்க.

கேள்வி: இதே படத்தை என் 12 வயசு பையனோட பாக்கலாமா?

பதில்: அமெரிக்காவுல இதுக்கு 'ஆர்' சர்டிஃபிகேட் (17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க பெரியவங்க துணையோடதான் பாக்கணும்), பசங்க சிகரெட் பிடிக்கறாங்க, வாயைத் தொறந்தா கெட்ட வார்த்தை, துப்பாக்கி வேற வருது. முதல்ல நீங்க மட்டும் இன்னொருதடவை பாருங்க. பையன் கொஞ்சம் பக்குவமானவன்னா பக்கத்துல உக்காந்து பாக்கலாம், இல்லைன்னா ரெண்டு வருஷம் போகட்டும்.