ஆறு வீட்டுக்கும் ஒரே சுவர்

கேள்வி: லண்டனிலிருந்து மாமா அனுப்பிய ஓஓ அளவு (ஓரடியை 4 மி.மீ. ஆகச் சுருக்கும் அளவு) மாதிரி றெயிலை 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகையில் அமைத்திருக்கிறேன். பின்பக்கத் தண்டவாளத்துக்கும் அறைச் சுவருக்கும் இடையில் 6 அங்குலம் இருக்கிறது. அதில் இங்கிலாந்துத் தொடர்வீடுகள் ஆறு வைக்க ஆசை. மட்டையில் ஒவ்வொரு வீடாகச் செய்து, வெளியே செங்கல் அச்சிட்ட கடதாசி ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மாரி தொடங்கியதும் சுவர்கள் வளைந்து வீடுகளுக்கிடையில் வெடிப்பு விழுந்துவிட்டது. என்ன பிழை விட்டேன்? (வாசகர், கொக்குவில்)

பதில்: தொடர்வீடு ஒரே கட்டடம், நடுச்சுவர் போட்டு ஆறாகப் பிரித்திருப்பார்கள். நம் மலையகத்து லயன்களும் அப்படித்தான். தனித்தனிப் பெட்டியாகச் செய்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் வளையும். நீள்சுவரை ஒரே துண்டாக வெட்டுங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

அதற்கு முன் ஒரு முடிவு. வீட்டின் எந்தப் பக்கம் றெயிலைப் பார்க்க வேண்டும்? பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்றே சொல்வோம். இங்கிலாந்தில் வீட்டு முகப்புகள் தெருவை நோக்கி நிற்கும். றெயிலில் போகிறவர் கண்ணில் அதிகம் படுவது பின்முற்றமும், குசினிக் கட்டும், கொடியில் காயும் உடுப்பும்தான். உங்களிடம் இருக்கும் 150 மி.மீ. இதற்குச் சரியாகப் போதும்: முகடு வரையான பாதி வீட்டுக்கு 56, முற்றத்துக்கு 64, மிச்சம் 30 தண்டவாள ஓரத்துக்கு. தண்டவாள வளைவில் நீளமான றெயில் பெட்டிகள் வெளியே தள்ளும். ஆகவே உங்களிடமுள்ள ஆக நீளமான பெட்டியைக் கையால் உருட்டி, அதன் ஓரம் போகும் கோட்டைப் பென்சிலால் குறித்த பிறகே முற்றத்து மதிலின் இடத்தை முடிவுசெய்யுங்கள்.

ஓஓ அளவில் ஓரடி 4 மி.மீ. சாதாரணத் தொழிலாளர் வீடு 15 அடி அகலம், அதாவது 60 மி.மீ.; ஆறுக்கும் சேர்த்து 360. இறவாணம் வரை 18 அடி, 72 மி.மீ. கூரைச் சாய்வு 30 பாகை என்றால் முகடு 104இல் வரும். எல்லாச் சுவருக்கும் அடியில் 4 மி.மீ. கூடுதலாக விட்டு, தரையை அதற்கு மேல் போடுங்கள். அடியில் வெளிச்சம் தெரியும் கோடு அப்படித்தான் மறையும். நடுச்சுவர்கள், ஓரச்சுவர்கள் சேர்த்து ஏழு துண்டுகள், ஒவ்வொன்றும் 53 மி.மீ. அகலம். முன்னும் பின்னும் 1.5 மி.மீ. மட்டை சேர்ந்து 56 ஆகும்.

அந்த 1.5 மி.மீ. தடிப்பை மாற்ற வேண்டாம். அது நாலரை அங்குலம், அரைச் செங்கல். யன்னலை உட்பக்கமிருந்து ஒட்டினால், உண்மையான வீட்டில் உள்ளே பதிந்திருக்கும் அளவுக்கே பதிந்துவிடும். மெல்லிய மட்டையில் யன்னல் படம் ஒட்டியதுபோல் தெரியும். செங்கல் வரிசையையும் சரிபாருங்கள்: அடிக்கு நாலு வரிசை, ஆகவே ஒரு வரிசை 1 மி.மீ. இதைவிடப் பெரிதாக அச்சிட்டால் வீடு பொம்மையாகிவிடும்.

இனி மட்டை வளைவது. கடதாசி பசையின் ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கி மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே அதே தடிப்புக் கடதாசி ஒன்றை, அதே நேரத்தில் ஒட்டுங்கள். இரண்டு இழுப்பும் சமனாகும். பிறகு பொலித்தீன் தாளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். மட்டைக்கு நாரோட்டமும் உண்டு. ஒரு சதுரத் துண்டை இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எப்படி இலகுவாக வளைகிறதோ, அந்த வளைவின் கோடு போகும் திசையே நாரோட்டம். அது 360 மி.மீ. நீளத்தோடு ஓடவேண்டும். அப்படி வெட்டினால் நீளவாட்டில் வளையாது. மேலும் கீழுமாக வளையப் பார்ப்பதை 60 மி.மீ.க்கு ஒன்றாக நிற்கும் நடுச்சுவர்கள் பிடித்துவிடும்.

மரவேலைக்கான வெள்ளைப் பசையே நல்லது. மாப்பசை கரப்பானுக்குச் சாப்பாடு. கூரை மூடுமுன் உட்பக்கம் முழுவதும், வெட்டிய ஓரங்களிலும், தச்சர் பூசும் ஷெலாக் பொலிஷ் இரண்டு தரம் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுவேலை தொடங்கவே வேண்டாம். பங்குனி வெயில் வரும்வரை காத்திருப்பது வீண் அல்ல.

யன்னலுக்குச் சட்டைப் பெட்டியின் கண்ணாடித்தாள் போதும், அளவு 12க்கு 20 மி.மீ. சுப்பர் குளூ தொடவேண்டாம். அதன் ஆவி கண்ணாடித்தாளில் வெள்ளையாகப் படியும், ஈரக்காற்றில் இன்னும் மோசம்.

குசினிக் கட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். ஆறு வீட்டுக்கு மூன்று கட்டுகள்: ஒவ்வொன்றும் 60 மி.மீ. அகலம், 48 வெளியே நீளம், இறவாணம் 54. சுவரின் ஓரத்திலிருந்து 30, 150, 270இல் தொடங்கும். நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் சரித்தால் 71இல் முடிந்து பெரிய கூரைக்குக் கீழே அடங்கும். புகைபோக்கிகள் பெரும்பாலும் மற்ற நடுச்சுவர்களில்தான் வரும், அதாவது 120, 240இல். இரு ஓரங்களிலும் பாதி அகலத்தில் ஒவ்வொன்று. முகட்டுக்கு மேல் 16 மி.மீ. உயரம் வையுங்கள். உச்சியிலுள்ள மண்குழாய்க்குக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியின் பிளாஸ்ரிக் தண்டை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கலாம்.

பெரிய கூரைக்கு 67 மி.மீ. அகல மட்டை. சிலேற் கல்லுக்குச் சாதாரண அச்சுக் கடதாசியைச் சாம்பல் நீலமாகத் தீட்டி, 6 மி.மீ. பட்டியாக வெட்டி, 3.3 மி.மீ.க்கு ஒரு கீறலாகப் பாதி உயரம் வரை வெட்டுங்கள். கீழிருந்து மேலாக, 3 மி.மீ. வெளியே தெரிய, வரிசைக்கு வரிசை அரைக் கல் தள்ளி ஒட்டினால் ஏறத்தாழ 22 வரிசை வரும். ஏ4 தாள் 297 மி.மீ.தான் என்பதால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பொருத்து விழும். அந்தப் பொருத்துகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் இடம் மாற்றுங்கள். இரண்டு மாலை வேலை இது, அவசரப்பட வேண்டாம். மேலேயிருந்து பார்க்கும் பலகையில் முதலில் கண்ணில் படுவது கூரைதான்.

கட்டி முடித்ததைப் பலகையில் நிரந்தரமாக ஒட்டாமல் இரண்டு மர ஆணித் தண்டுகளில் செருகி வையுங்கள். பின்தண்டவாளத்தைத் துடைக்க என்றாவது தூக்கவேண்டி வரும்.