பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது: டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஹேட்ச்பேக் கார் 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போய்வந்ததிலிருந்து, நாற்கரச் சாலையில் 80, 90 வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. அலைன்மென்ட், பேலன்சிங் செய்தும் போகவில்லை. சர்வீஸ் சென்டரில் முன் டிஸ்க், பேட், பின் டிரம் எல்லாவற்றையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் எழுதிய எஸ்டிமேட் வெறும் ஊகம்தான்.

பேலன்சிங் சரியில்லை என்றால் பிரேக்கைத் தொடாமலே வண்டி ஆடும். உங்களுக்கு மிதித்தால்தான் உதறுகிறது. எனவே பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும். அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் டிஸ்க். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் டிரம்மை (பின் சக்கரப் பிரேக்கின் உருளை) சந்தேகிக்கலாம். உங்கள் வண்டியில் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் இருந்தால், ஆளில்லாத நேரான, ஈரமில்லாத சாலையில் 40 வேகத்தில் போய், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அப்போது உதறல் இல்லையென்றால், டிரம் மாற்றச் சொன்னதற்குக் காரணம் கேளுங்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வந்தால் டிஸ்க் கொதித்துவிடும். அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றும்போது அந்த இடத்தில் மட்டும் பிடிமானம் மாறும்; அந்த மாற்றம்தான் உங்கள் கைக்கு உதறலாக வருகிறது. 'டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு' என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, கனம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே கையில் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி ஏழெட்டு இடங்களில் கனத்தையும், டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்தையும் அளக்க வேண்டும். ஆட்டம் பல கார்களில் 0.05 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். மேற்பரப்பைச் சமமாகக் கடைந்த பிறகும் அதற்கு மேல் மிஞ்சுமென்றால் லேத்தில் கடைந்தாலே போதும். வண்டியிலேயே வைத்துக் கடையும் மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது, ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகம்) ஆட்டமும் சேர்ந்து சரியாகும். கனம் பற்றாது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து, புது பேடோடு.

காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புது டிஸ்க்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹப் முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வீல் நட்டுகளை முடுக்கும் மெஷின் (கன்) வைத்து மட்டும் முடுக்கி விட்டுவிடக் கூடாது. எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும். பயணம் முடிந்ததும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பேடை அழுத்தும் காலிபர் நகர உதவும் பின் (pin) இறுகியிருக்கலாம். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையின் ரப்பர்) தேய்ந்திருந்தால் சின்ன அதிர்வும் பெரிதாகத் தெரியும்.

வாங்கும்போது சீல் பிரிக்காத பெட்டி, பார்ட் நம்பர், எம்ஆர்பி ஸ்டிக்கர், ஜிஎஸ்டி பில் எல்லாம் பாருங்கள். அளந்த எண்களை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தேய்மானப் பாகம் என்று வாரண்டியை மறுப்பது வழக்கம். ஆனால் மாற்றிய சில வாரங்களில் உதறல் திரும்பினால் அது வேலையின் குறையாகவும் இருக்கலாம். எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒரு பக்கம் இழுத்தாலோ பெடல் ஆழமாக இறங்கினாலோ அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மழையில் சட்டென்று பிரேக் அடித்தால் பெடல் காலடியில் கடகடவென்று துடிக்கிறது. இதுவும் டிஸ்க் கோளாறா?
- வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை, அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வது. காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள். காய்ந்த சாலையில், வண்டி நிற்கப்போகும் மெதுவான வேகத்திலும் அப்படித் துடித்தால் சக்கர வேகத்தை அளக்கும் வீல் சென்சாரையும் அதன் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கோ துருவோ இருந்தால் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும்.