வின்வுட் புலிகள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வின்வுட் என்ற சிற்றூரில், 16 ஏக்கரில், ஜோ எக்ஸாட்டிக் 1999இல் திறந்த தனியார் மிருகக்காட்சிசாலை 2020 ஆகஸ்டில் மூடியது. அது பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. விலங்குப் பராமரிப்பு, உரிமம், தீவனக் கணக்கு பற்றிக் கேளுங்கள். கிசுகிசு வேண்டாம்.

சேலம்: ‘டைகர் கிங்’ டிவி தொடரைப் பார்த்தேன் சார். ரெண்டு பேர் சண்டையில ஜூ மூடிச்சுன்னு காட்டுறாங்க. நிஜமா அவ்வளவுதானா?

சண்டையால் போனது நிலம். அதற்கு முன்பே அந்தத் தொழில் உள்ளுக்குள் அழுகிவிட்டது.

அங்கே வருமானமே குட்டிதான். மடியில் வைத்துப் படம் எடுக்கக் காசு. நான்கு வாரத்துக்குக் குறைந்த குட்டியைப் பார்வையாளர் கையில் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2016இல் தெளிவுபடுத்தியது. 12 வாரம் தாண்டினால் பல்லும் நகமும் ஆளைக் கிழிக்கும். ஆக, குட்டி சம்பாதிப்பது எட்டு வாரம். அடைப்பில் வளரும் புலி 15 முதல் 20 வருடம் இருக்கும்.

வளர்ந்த புலிக்கு நாளுக்குச் சுமார் 5 கிலோ இறைச்சி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வாரம் 30 கிலோ, வருடத்துக்கு ஒன்றரை டன். ஜோவிடம் உச்சத்தில் சுமார் 200 புலிகள். வாரம் 6 டன் எங்கிருந்து வரும்? கடைகளில் தேதி முடிந்து ஒதுக்கிய இறைச்சியில்தான் பெரும்பகுதி ஓடியது. அந்தத் தீனிக்குக் காசு வேண்டும், காசுக்குப் புதுக் குட்டி வேண்டும். தாயிடமிருந்து உடனே பிரித்தால் புலி சில வாரங்களில் மறுபடி பருவத்துக்கு வரும். சினைக்காலம் 105 நாள்தான். காட்டில் இரண்டு, இரண்டரை வருடத்துக்கு ஒரு ஈற்று. இங்கே ஒரே வருடத்தில் இரண்டு.

மிஞ்சிய புலிகளை விற்க வேண்டும். கலப்பு வம்சப் புலிகளுக்கு இருந்த விலக்கை அமெரிக்க மத்திய அரசு 2016இல் நீக்கியது. மாநிலம் விட்டு மாநிலம் விற்க அனுமதி தேவைப்பட்டது. அதனால் விற்றதை ‘நன்கொடை’ என்று படிவத்தில் எழுதினார்கள். 2017 அக்டோபரில் கூண்டு காலியாக வேண்டும் என்று ஜோ ஐந்து புலிகளைச் சுட்டார். 2019இல் 17 வனவிலங்குக் குற்றங்கள் நிரூபணமாயின. கூலிக்கு ஆள் வைத்துக் கொல்ல முயன்ற இரண்டு குற்றங்களையும் சேர்த்து 2020 ஜனவரியில் 22 ஆண்டு சிறை. 2022இல் அதை 21 ஆக்கினார்கள்.

நிலக் கதை தனி. புளோரிடாவில் கரோல் பாஸ்கின் நடத்திய ‘பிக் கேட் ரெஸ்க்யூ’ என்ற பெரும்பூனைச் சரணாலயத்தின் பெயரையே ஜோ தன் காட்சிக்கு வைத்துக்கொண்டார். வர்த்தகமுத்திரை வழக்கில் 2013இல் சுமார் 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு. கட்டாமல் தப்ப, நிலத்தைத் தாயார் பெயருக்கு மாற்றினார். அந்த மாற்றம் மோசடி என்று 2020 ஜூனில் நீதிபதி சொல்லி, நிலத்தைப் பாஸ்கின் தரப்புக்கே கொடுத்தார். 2016 முதல் நடத்திவந்த ஜெஃப் லோவுக்குக் காலி செய்ய 120 நாள் கெடு. ஆனால் கெடு முடியுமுன்பே ஆகஸ்டில் வேளாண்மைத் துறை உரிமத்தை 21 நாள் நிறுத்தியது. அவர் உரிமத்தையே விட்டுவிட்டு மூடினார். சிங்கங்களின் காதை ஈக்கள் தின்றிருந்தது சோதனையில் பதிவானது. காதுநுனியில் ஈ கடிக்கும், ரத்தம் வரும், ரத்தத்துக்கு இன்னும் ஈ வரும். எலும்பையும் மீந்ததையும் அன்றன்றே வாரிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாட்டுக்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்தை மட்டும் தொடாதீர்கள். பூனை இனத்துக்கு அது விஷம்.

ஈரோடு: இவ்வளவு மோசமான இடத்துக்கு உரிமம் எப்படிக் கொடுத்தாங்க?

அப்போதைய விதியில் 51 முதல் 500 விலங்கு வரை காட்சிக்கு வைக்க வருடக் கட்டணம் 225 டாலர். புதுப்பித்தல் ஏறக்குறைய தானாக நடக்கும். சுற்றுவேலி 8 அடி உயரம், கூண்டிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி என்றெல்லாம் அளவு சொல்லும் விதி, ஒரு புலிக்கு எவ்வளவு இடம் என்று மட்டும் சொல்லவில்லை. நிற்க, திரும்ப, படுக்க ‘போதுமான இடம்’, அவ்வளவே. 2020 நவம்பரில்தான் மூன்று வருட உரிமம், ஒவ்வொரு முறையும் சோதனையில் தேற வேண்டும் என்று மாற்றினார்கள்.

சென்னை: பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்க்கலாமா சார்?

தலைப்புக்கு வெளியே. ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சைட்டீஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வரும். பால் பைத்தானும் பச்சை இக்வானா என்ற பெரிய ஓணான் வகையும் அதில் உண்டு. 2024 பிப்ரவரி விதிகளின்படி பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். இறந்தாலும் குட்டி போட்டாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

நாமக்கல், கால்நடை மருத்துவ மாணவி: பிறந்ததும் பிரித்த குட்டிகளுக்கு என்ன பிரச்சினை வரும்?

நல்ல கேள்வி. முதலில் சீம்பால். பூனை இனக் குட்டியின் குடல், தாயின் எதிர்ப்புப் பொருளை ஏற்பது முதல் 16–18 மணி நேரம் வரைதான். அது தவறினால் பான்லுகோபீனியா போன்ற வைரஸ் நோய்க்கு வாசல் திறந்த மாதிரி. அடுத்தது பால்மா. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் குறைந்த மாவில் கண்புரை வந்திருக்கிறது. நாளுக்கு எடையில் 15–20 சதவீதம், ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குட்டி குப்புறப் படுத்து, தலையை லேசாகத் தூக்கியபடி குடிக்க வேண்டும். படத்துக்காகக் குழந்தை மாதிரி மல்லாத்திப் பால் கொடுப்பார்கள். பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். முதல் மூன்று நான்கு வாரம், குடித்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்புறம் துடைத்தால்தான் சிறுநீர், மலம் போகும்.

பிறகு இறைச்சி. எலும்பில்லாத சதையில் கால்சியம் அநேகமாக இல்லை, பாஸ்பரஸ் ஏராளம். கிலோவுக்கு 5–6 கிராம் கால்சியம் கார்பனேட் சேர்க்காவிட்டால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். எலும்பு காகிதம் மாதிரி ஆகும், பின்கால் இழுக்கும். முழு இரை கொடுப்பதே சுலபம்.

குட்டியோடு படம் எடுக்கக் காசு கொடுக்காதீர்கள். படர்தாமரை உங்களுக்கும் ஒட்டும்.

மதுரை: பாஸ்கின் அம்மாவும் கூண்டுலதான வெச்சிருந்தாங்க? பேரை மாத்தினா சரணாலயமா?

கூண்டு இரண்டிடத்திலும் உண்டு. கேட்க வேண்டியது: இனப்பெருக்கம் உண்டா, வாங்கி விற்றார்களா, பார்வையாளர் தொடலாமா. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் சரணாலயம்.

மதுரை: டிக்கெட் வாங்கிக் காட்டுறதும் வியாபாரம்தான் சார். அவங்களும் ஒரு காலத்துல குட்டி போட வெச்சாங்களே?

ஆமாம், 1990களில். ஒளிக்க ஒன்றுமில்லை. டிக்கெட்டும் வாங்கினார்கள். ஆனால் குட்டி பிறக்காத இடத்தில் விலங்குகளின் எண்ணிக்கை வருடா வருடம் குறையும். கடைசியில் இடமே மூடும். 2023 முதல் மிச்சமிருந்த பூனைகளை ஆர்கன்சாவில் உள்ள டர்பன்டைன் கிரீக் என்ற சரணாலயத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வியாபாரமாக நடத்துபவர் சரக்கு தீர விடுவாரா?

தஞ்சாவூர்: மதுரைக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. புலிக்கு டிக்கெட்டுல என்ன வித்தியாசம் தெரியும்?

புலிக்கு டிக்கெட் தெரியாது. பிறந்த அன்று தாயிடமிருந்து பிரித்தார்களா என்பது தெரியும்.

மதுரை: அப்போ நம்ம வண்டலூர்லயும் குட்டி பிறக்குதே?

பிறக்கிறது, பெரும்பாலும் தாயிடம் வளர்கிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் மிருகக்காட்சிசாலை நடத்த முடியாது. காசு வாங்கி மடியில் வைப்பதற்கு அங்கே பேச்சே இல்லை. இதோடு இந்த வாதத்தை நிறுத்துவோம்.

கோவை: இக்வானா வளர்க்கலாமா?

சென்னைக்குச் சொன்னதேதான்.

திருநெல்வேலி: வண்டலூர்னதும் ஞாபகம் வந்தது. வெள்ளைப்புலி தனி இனமா?

இல்லை. ஒரே ஒரு மரபணு மாற்றம். 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடித்த மோகன் என்ற வெள்ளைப்புலியின் வம்சம்தான் இன்று அடைப்பில் உள்ளவற்றில் பெரும்பாலும். வெள்ளைக் குட்டிக்காக மோகனை அவன் மகள் ராதாவோடேயே சேர்த்தார்கள். மாறுகண் அந்த நிறத்தோடு பல நேரம் சேர்ந்து வரும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தவறான பக்கம் திரும்புகின்றன. பாதுகாப்புக்கு இதில் ஒன்றுமில்லை, கூட்டம் சேர்க்கலாம்.

திருச்சி: அடுத்த மாசம் தாய்லாந்து போறோம். புலிக்குட்டியோட ஒரு போட்டோ எடுத்தா என்ன?

வேண்டாம். காஞ்சனபுரியில் ‘புலிக்கோயில்’ என்ற இடத்திலிருந்து 2016இல் 147 புலிகளை மீட்டார்கள். 2019க்குள் 86 இறந்துவிட்டன. உங்கள் காசு அடுத்த ஈற்றுக்குத்தான் போகும்.

கரூர்: பாஸ்கினோட ரெண்டாவது கணவர் என்ன ஆனார்?

கிசுகிசு வேண்டாம் என்றேன்.

வேலூர்: மூடின பிறகு விலங்குகள் எங்கே போச்சு? நிலம்?

லோ அவற்றைத் தாக்கர்வில் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். பராமரிப்பு அங்கும் தேறவில்லை. 2021 மே மாதம் அமெரிக்க அரசின் நீதித்துறை 68 பெரும்பூனைகளைப் பறிமுதல் செய்தது. கொலராடோவில் உள்ள ‘வைல்ட் அனிமல் சாங்சுவரி’ அதற்கு முன்பே, 2017இல், வின்வுட்டிலிருந்து 39 புலிகளை ஏற்றிருந்தது. 2022 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவில் பெரும்பூனைச் சட்டம் கையெழுத்தானது: பொதுமக்கள் தொடக் கூடாது, புதிதாக வீட்டில் வைக்கக் கூடாது, ஏற்கெனவே வைத்திருப்பவர் 2023 ஜூன் 18க்குள் பதிய வேண்டும். நிலத்தை, 100 ஆண்டுக்கு அங்கே மிருகக்காட்சிசாலை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பாஸ்கின் தரப்பு 2021இல் விற்றது.

ஓசூர்: பால் பைத்தானுக்குப் பதிவு தேவையா?

மேலே, சென்னை.