முதலில் திகதியைப் பார்க்கிறேன்

கேள்வி: என் தம்பி முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். 19 நாட்களுக்கு முன், தரிப்பிடத்தில் நின்றவனைப் பொலிஸார் காரணம் சொல்லாமல் கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. மூன்றாம் நாள், சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடச் சொல்கிறார்கள். ஆறுதலாகச் செய்யலாமா?
- ஒரு சகோதரி, உப்புவெளி

பதில்: ஆறுதலாகச் செய்ய முடியாது, தங்கச்சி. கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

காரணம் சொல்லாமல் பிடித்ததும் நீதிபதி முன் நிறுத்தாததும் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைக்கு மாறானவை. அடித்தது 11ஆம் உறுப்புரைக்கு மாறானது. அடிப்படை உரிமை மீறலை விசாரிக்கும் அதிகாரம், 126ஆம் உறுப்புரைப்படி, கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. (தமிழ்நாட்டார் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் இப்படிச் சொல்கிறோம்.) மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு அங்கே இருக்க வேண்டும். பிடித்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.

மாவட்ட நீதிமன்றத்திலும் நட்டஈடு கேட்கலாம்தான். ஆனால் அரச அலுவலர்மேல் வழக்கிட முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த மாதம் முடியும்வரை காத்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதம் போய்விடும்.

பல வருடங்களுக்கு முன் கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் கோப்புறையில் எட்டுக் கடிதப் பிரதிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பதிவுத் தபால் துண்டு, ஊசி குத்தி ஒழுங்காக. பெரியவர்கள் எல்லோருக்கும் எழுதியிருந்தார். அன்று, மீறல் நடந்து 41ஆம் நாள். அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட நாட்கள் ஓடுவதை நிறுத்தி வைக்கவில்லை. அவர் துண்டுகளைத் திரும்ப அடுக்கியதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எவர் வந்தாலும் முதலில் திகதியைத்தான் கேட்கிறேன்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுங்கள். ஆனால் அதை நம்பி மனுவைப் பிற்போட வேண்டாம். விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதியரசர்கள் கேட்கிறார்கள்.

மனுவும் சத்தியக்கூற்றும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) தம்பியின் பெயரில் இருக்க வேண்டும். அவர் நேரடியாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தாக்கல் செய்யலாம். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். காயம் ஆறுமுன் அரச வைத்தியசாலையில் காட்டி, அடித்தது யார் என்று வைத்தியரிடம் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். 'விழுந்துவிட்டேன்' என்று பயத்தில் சொன்னதே பதிவாகி வழக்கைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

குறைந்தது இரண்டு நீதியரசர்கள் அனுமதித்தால்தான் வழக்கு மேலே போகும். பிறகு வருடக்கணக்கில் இழுபடலாம். அதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் வென்றால் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டி வரலாம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது இதே நீதிமன்றம்தான்.

அந்தச் சிங்களத் தாளை விட்டுவிடாதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. மொழி உரிமை மீறலையும் இதே மனுவில் சொல்லலாம். தமிழில் யாரும் வாசித்துக் காட்டவில்லை என்றால், அதைச் சத்தியக்கூற்றில் தனிப் பந்தியாக எழுதச் சொல்லுங்கள்.